ஐம்பத்தொன்பதும் அறுபதும்

2021 மே மாதத்தில் என்.எச்.எல். ஹொக்கியின் லீக் ஆட்டங்கள் முடிந்தபோது நியூயோர்க் றேஞ்சர்ஸ் 60 புள்ளிகளோடு வெளியே நின்றது. டலஸ் ஸ்ரார்ஸும் 60 புள்ளிகளோடு வெளியே. மொன்றியல் கனேடியன்ஸ் 59 புள்ளிகளோடு பிளேஓஃப் சுற்றுக்குள் போனது. வெற்றிகளை எண்ணினால் இடைவெளி இன்னும் கூடுகிறது: றேஞ்சர்ஸ் வென்றது 27 ஆட்டம், மொன்றியல் வென்றது 24. அந்த 24 வெற்றிக்காரர்தான் ஸ்ரான்லி கிண்ணத்தின் இறுதித் தொடர் வரைக்கும் போய் ராம்பா பேயோடு மோதினார்கள்.

லீக் ஆட்டங்கள் முடிந்த அந்தக் கிழமை எங்கள் சைவ வகுப்பில் பாடம் வினை. ஸ்காபரோவில் எங்கள் கோயில் நடத்தும் வகுப்பு அது. நோய்த் தொற்றுக் காலமென்பதால் சூமில் நடந்தது. ஊரில் கணிதம் படிப்பித்தவள் நான். இங்கே சனிக்கிழமைகளில் ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையைக் கையில் வைத்துக்கொண்டு பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகளோடு பேசுகிறேன். நல்வினை, தீவினை, அவற்றின் பலன் என்று சொல்லிக்கொண்டு போகையில், ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸின் நீலச் சட்டையோடு வகுப்புக்கு வருகிற ஒரு பையன் ஒலிவாங்கியைத் திறந்து கேட்டான்: “றேஞ்சர்ஸுக்கு அறுபது, மொன்றியலுக்கு ஐம்பத்தொன்பது. றேஞ்சர்ஸ் ஏன் வெளியில, ரீச்சர்? அவையள் செய்த வினையோ?”

விளையாட்டுக்குக் கேட்ட கேள்வி இல்லை அது. அவனுக்கு மொன்றியலைக் கண்ணில் காட்டக் கூடாது. ரொறன்ரோவில் பிறந்த பிள்ளைக்கு அது இயல்பு. ஆனாலும் தனக்குச் சொந்தமில்லாத ஒரு அணிக்கு நேர்ந்தது அவனை உறுத்தியது. கூடியது வெளியே, குறைந்தது உள்ளே. உலகத்தில் நியாயம் உண்டா என்று கேட்க ஒரு பிள்ளைக்கு இதைவிடத் தெளிவான கணக்குக் கிடைக்காது. “ஒழுங்கு அப்படி, ராசா” என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். முடித்தால் ஒழுங்கைச் செய்தது யார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியைத்தான் நான் இவ்வளவு காலமும் மனசில் வைத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் கணக்கு. அந்தப் பருவத்தில் கனடா, அமெரிக்க எல்லை மூடிக் கிடந்தது. நாட்டுக்குள் வருகிறவர் 14 நாள் தனித்திருக்க வேண்டும். இன்றைக்கு பொஸ்ரனில், நாளை மறுநாள் ரொறன்ரோவில் என்று ஆடுகிற விளையாட்டுக்கு அது ஒத்துவராது. ஆகவே லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் பேசி, கனடாவின் ஏழு அணிகளையும் வடக்குப் பிரிவு என்று ஒன்றாகப் போட்டார்கள். மற்ற 24 அணிகளும் எட்டு எட்டாக மூன்று பிரிவு. வழமையான 82 ஆட்டங்களுக்குப் பதில் 56. அந்த 56-உம் சொந்தப் பிரிவுக்குள்ளேயே. ஒவ்வொரு பிரிவிலும் முதல் நான்கு அணி பிளேஓஃபுக்குப் போகும். பருவம் முழுக்க மொன்றியல் ஒரு தடவைகூட றேஞ்சர்ஸோடு ஆடவில்லை. இரண்டு அணிக்கும் பொதுவான எதிராளி என்று ஒருவர்கூட இல்லை.

இங்கேதான் பிள்ளைகளைக் கொப்பியை எடுக்கச் சொன்னேன். வடக்குப் பிரிவில் ஏழு அணி, ஆளுக்கு 56 ஆட்டம். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு அணி என்பதால் மொத்தம் 196 ஆட்டம். ஆகவே வெற்றிகளும் 196-தான் இருக்க வேண்டும். கூட்டிப் பார்த்தார்கள்: ரொறன்ரோ 35, எட்மன்ரன் 35, வினிபெக் 30, கல்கரி 26, மொன்றியல் 24, ஒட்டாவா 23, வன்கூவர் 23. சரியாக 196. பிறகு கேட்டேன்: இந்த ஏழு அணியிலும் உள்ள எல்லாரும் ஒரே இரவில் இரண்டு மடங்கு திறமைசாலிகள் ஆகிவிட்டால் வெற்றிகளின் கூட்டுத்தொகை எவ்வளவு? எல்லாரும் நடக்கவே தெரியாதவர்கள் ஆகிவிட்டால் எவ்வளவு? ஒரு பெண்பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: “அதே 196.”

அந்தப் பதிலில் எல்லாம் இருக்கிறது. மூடிய பிரிவுக்குள் எடுத்த புள்ளி, பக்கத்தில் இருப்பவனைவிட நீ எப்படி என்று மட்டும்தான் சொல்லும். நீ எப்படி என்று அது சொல்லாது. கிழக்குப் பிரிவில் பஃபலோ 15 ஆட்டம்தான் வென்றது; அவர்களோடு றேஞ்சர்ஸ் எட்டுத் தரம் ஆடியது. அதே பிரிவின் உச்சியில் பிற்ஸ்பேர்க், வாஷிங்ரன், பொஸ்ரன், ஐலண்டர்ஸ் என்று நாலு வலிய அணி. வடக்கிலோ கடைசியில் நின்ற வன்கூவரும் ஒட்டாவாவும்கூட 50, 51 புள்ளி எடுத்தன. அந்த ஒட்டாவாதான் பெப்ரவரியில் ஒரு இரவு 5-1 என்று பின்தங்கியிருந்து, ரொறன்ரோவை மேலதிக நேரத்தில் 6-5 என்று வென்றது. இதில் எந்தப் பிரிவு கடினம்? மேலே வலியவரும் கீழே மெலியவரும் உள்ள இடமா, எல்லாரும் ஏறக்குறைய ஒரு தரத்தில் உள்ள இடமா? பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. 60 என்பது 59-ஐவிடப் பெரிது என்று வாய்ப்பாட்டில் எழுதலாம். அந்தப் பட்டியலில் எழுத முடியாது.

இன்னொன்றும் உண்டு. கல்கரி 26 ஆட்டம் வென்றும் வெளியே போனது; 24 வென்ற மொன்றியல் உள்ளே. இவர்கள் ஒரே பிரிவு, ஒரே எதிராளிகள். வித்தியாசம் எங்கே என்றால், மேலதிக நேரத்தில் தோற்றவருக்கும் லீக் ஒரு புள்ளி கொடுக்கிறது. மொன்றியல் அப்படி 11 தரம் தோற்றது, கல்கரி மூன்று தரம். டலஸ் 14 தரம். தோல்விக்குப் புள்ளி கொடுக்கிற இந்த விதி எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை. அதை விட்டுவிட்டு வினைக்கு வருகிறேன்.

பையன் கேட்டதை நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன்: ஒருவருக்கு நேர்வதற்கும் அவருடைய தகுதிக்கும் நடுவே இருப்பது என்ன? எங்கள் மரபில் இதற்கு அலட்சியமான பதில் இல்லை. சைவ சித்தாந்தத்தில் வினை சடம். அதற்கு அறிவில்லை. செய்தவனைத் தேடிப் போய்ப் பலனைச் சேர்க்க அதற்குத் தெரியாது; அறிவுள்ள ஒருவன் கூட்டுவிக்க வேண்டும் என்பது வாதம். மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் இரண்டாம் சூத்திரம் இந்த இடத்தைத்தான் பிடிக்கிறது. கர்மம் தானாகவே சுழன்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணத்தை மெய்கண்டார் வழியினர் ஒப்புக்கொள்ளவில்லை. பலனைக் கொடுக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை இறைவனுடையது என்பது அவர்கள் நம்பிக்கை, என் நம்பிக்கையும் அதுதான்.

ஆனால் அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு ஆட்ட அட்டவணையைப் பார்க்கிறபோது என் மனசில் தைப்பது வேறொன்று. அட்டவணையும் சடம். அதுவும் தானாக யாருக்கும் எதையும் கொடுக்காது. அதற்குப் பின்னாலும் கை உண்டு, அந்தக் கைகள் மனிதருடையவை, தேடினால் பெயர் சொல்லலாம். எல்லையை மூடியது அரசாங்கங்கள். பிரிவுகளை வகுத்தது லீக். ஒப்புக்கொண்டது சங்கம். பிரிவுக்கு நாலு என்று எழுதியவர்கள் ஒரு மேசையைச் சுற்றி இருந்தவர்கள். றேஞ்சர்ஸ் வெளியே போன பாதையில் ஒவ்வொரு வளைவிலும் ஒரு மனிதர் நின்று கையைக் காட்டியிருக்கிறார். அப்படியிருக்க அதை ஊழ் என்று சொன்னால் இரண்டு தவறு நடக்கிறது. மனிதர் செய்ததை இறைவன் தலையில் கட்டுகிறோம். பொறுப்புச் சொல்ல வேண்டியவர்களை எழும்பிப் போக விடுகிறோம். “அவையள் செய்த வினையோ” என்று ஒரு பிள்ளை கேட்டால் கேள்வி. அதையே வளர்ந்த ஒருவர், வெளியே நிற்பவரைப் பார்த்துச் சொன்னால் கொடுமை. எங்கள் சனங்கள் அந்தக் கொடுமையை எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறார்கள். பிறந்த சாதிக்கு, பிறந்த வீட்டுக்கு, பெண்ணாய்ப் பிறந்ததற்கு என்று.

சரி, எல்லாக் கைகளையும் பெயர் சொல்லி முடித்த பிறகு மிச்சம் ஏதும் இருக்கிறதா? இதைப் பிள்ளைகளே செய்து பார்க்கட்டும் என்று அடுத்த வகுப்பில் ஒரு வேலை கொடுத்தேன். ஏழு அணிக்கு 56 ஆட்ட அட்டவணை போடுங்கள், யாருக்கும் அநியாயம் இல்லாமல். ஐந்து நிமிடத்தில் முட்டுப்பட்டார்கள். ஒரு அணிக்கு ஆறு எதிராளி. 56-ஐ ஆறால் பிரித்தால் மிச்சம் வருகிறது. நாலு பேரோடு ஒன்பது தரம், இரண்டு பேரோடு பத்துத் தரம் ஆடினால்தான் 56 வரும். அப்படியென்றால் எனக்கு அந்தப் பத்தாவது ஆட்டம் யாரோடு? வன்கூவரோடு என்றால் நல்லது. எட்மன்ரனோடு என்றால் அவர்களின் நட்சத்திர ஆட்டக்காரர் மக்டேவிட்டை இன்னுமொரு தரம் சந்திக்க வேண்டும். ஏழு பேரையும் வட்டமாக இருத்தி, ஒவ்வொருவரும் தன் இரண்டு பக்கத்தாரோடும் பத்தாவது ஆட்டம் ஆடட்டும் என்று அந்தப் பெண்பிள்ளை கண்டுபிடித்தாள். அழகான தீர்வு. ஆனால் வட்டத்தில் யாருக்குப் பக்கத்தில் யார் இருப்பது?

சத்தம் போட்டு ஓய்ந்த பிறகு திருவுளச் சீட்டுப் போடுவோம் என்று முடிவாயிற்று. ஏழு துண்டுக் கடதாசியில் அணிப் பெயர்களை எழுதி, மடித்து, ஒரு செம்பில் போட்டுக் குலுக்கி, சாமியறையில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்து, கமெராவை அந்தப் பக்கம் திருப்பி ஒவ்வொன்றாக எடுத்தேன். நீலச் சட்டைப் பையனின் லீஃப்ஸுக்கு ஒரு பக்கம் எட்மன்ரன், மறு பக்கம் வினிபெக். பிரிவிலேயே வலிய இரண்டு பேர். அவன் முகம் சுருங்கிப்போனது. “இன்னொருக்கா எடுங்கோ, ரீச்சர்.” மற்றவர்கள் விடவில்லை. எடுக்க முதல் நீயும்தானே ஓம் என்றனீ என்று கேட்டார்கள்.

அந்தப் பிள்ளைகள் அன்று கண்டுபிடித்ததற்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்கிறேன். எல்லாருக்கும் சமமாக ஒரு அட்டவணை போட எண்களே இடம்கொடுக்காத இடம் உண்டு. அங்கே யாரோ ஒருவருக்குக் கடினமான பக்கத்து வீடு வரத்தான் செய்யும். 82 ஆட்டங்களையும் எல்லா எதிராளிகளுக்கும் சமமாகப் பங்கிட்டாலும், நியூயோர்க்காரர் ஐலண்டர்ஸிடமும் நியூ ஜேர்சியிடமும் சாலை வழியே போய் வந்து சொந்தக் கட்டிலில் படுப்பார்கள்; வன்கூவர்காரர் அநேகமாக எங்கே ஆடப் போனாலும் விமானம் ஏற வேண்டும். பக்கத்தவர் இல்லாத இடத்திலிருந்து அளக்கிற கோல் ஒன்று இல்லை. இந்த மிச்சத்தை, யாருடைய கையும் சாய்க்காமல் யாரோ ஒருவர் மேல் விழுகிற இந்தப் பாரத்தை, ஊழ் என்று சொல்ல நான் தயார். அது சின்ன மிச்சம். பெரிதாக்கிக் காட்டுவது மனிதரின் வேலை.

பெரிதாக்கியதற்கு இந்த லீக்கிலேயே சான்று உண்டு. 2021-இல் எல்லை மூடியிருந்தது, வேறு வழி இல்லை. 2005-இல் எந்த எல்லையும் மூடியிருக்கவில்லை. ஒரு முழுப் பருவம் ஆட்டமே நடக்காமல் போன கதவடைப்புக்குப் பிறகு வந்த முதல் மூன்று பருவங்களில், ஒவ்வொரு அணியும் தன் பிரிவிலுள்ள நாலு அணிகளோடும் எட்டு எட்டுத் தரம் ஆட வேண்டும் என்று அட்டவணை போட்டார்கள். 82-இல் 32 ஆட்டம் அதே நாலு முகங்களோடு. பகை வளர்ந்தால் சனம் கூடும், பயணச் செலவு குறையும் என்பது எண்ணம். கிழக்கு, மேற்கு என்று லீக்குக்கு இரண்டு பாதி; மற்றப் பாதியில் உள்ள அணிகளோடு வெறும் 10 ஆட்டம். குறொஸ்பி, ஒவெச்கின் என்ற நட்சத்திர ஆட்டக்காரர் இருவரும் கிழக்கு அணிகளுக்கு வந்த காலம் அது. மேற்கிலுள்ள நகரங்களின் பிள்ளைகள் அவர்களை நேரில் காணப் பருவக்கணக்கில் காத்திருந்தார்கள். 2008-இல் எட்டை ஆறாகக் குறைத்தார்கள். ஆனாலும் பிரிவில் முதலாவதாக வருபவருக்கு, எத்தனை புள்ளி எடுத்திருந்தாலும், கிழக்கிலோ மேற்கிலோ முதல் மூன்று இடங்களில் ஒன்று நிச்சயம் என்ற விதி நின்றது.

அந்த இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை 2012 காட்டியது. புளோரிடா பாந்தர்ஸ் தென்கிழக்குப் பிரிவில் 94 புள்ளிகளோடு முதலிடம். கிழக்கு முழுவதையும் புள்ளிப்படி வரிசைப்படுத்தினால் அவர்கள் ஆறாவது. பிரிவை வென்றதால் மூன்றாவதாக ஏறினார்கள். 108 எடுத்த பிற்ஸ்பேர்க் நாலாவது, 103 எடுத்த பிலடெல்பியா ஐந்தாவது, 102 எடுத்த நியூ ஜேர்சி ஆறாவது. நியூ ஜேர்சி முதல் சுற்றின் ஏழாவது ஆட்டத்தைப் புளோரிடாவின் பனித்தரையில் போய் ஆட வேண்டியிருந்தது. இரண்டாவது மேலதிக நேரத்தில் வென்றார்கள் என்பது வேறு கதை. அதே பிரிவில் அந்தப் பருவம் வினிபெக்கும் இருந்தது. அற்லான்ராவில் இருந்த அணியை 2011-இல் வினிபெக்குக்குக் கொண்டுபோனார்கள், பிரிவை மாற்றவில்லை. கனடாவின் நடுப் புல்வெளியில் உள்ள நகரம் இரண்டு பருவம் மயாமிப் பக்கத்தையும் ராம்பாவையும் அயலவராகக் கொண்டு ஆடியது. பயணச் செலவைக் குறைக்க என்று சொல்லித் தொடங்கிய ஏற்பாடு அது. இதில் ஊழ் எங்கே இருக்கிறது? முடிவெடுக்கச் சுணங்கிய மனிதர்தான் இருக்கிறார்கள்.

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதற்குக் காரணம் ஹொக்கி மட்டுமில்லை. இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தது. ஒரே சோதனையைத் தமிழில் எழுதிய பிள்ளைக்கு ஒரு வெட்டுப்புள்ளி, சிங்களத்தில் எழுதிய பிள்ளைக்கு அதைவிடக் குறைந்த வெட்டுப்புள்ளி. கூடிய புள்ளி வெளியே, குறைந்த புள்ளி உள்ளே. என் தலைமுறை யாழ்ப்பாணத்தில் வளர்ந்தது அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டுதான். பிறகு மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இன்றும் மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி வேறு. தாளில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். நான் இரண்டையும் ஒன்றாக வைக்க மாட்டேன். முதலாவது, யார் எந்த மொழியில் எழுதினார் என்பதைப் பார்த்துப் போட்ட கோடு. இரண்டாவது, நல்ல ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லாத மாவட்டத்துப் பிள்ளையின் 60-உம், எல்லாம் இருந்த இடத்துப் பிள்ளையின் 60-உம் ஒன்றா என்ற நியாயமான கேள்வியையும் சுமந்து வந்தது. மன்னாரிலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் அதனால் படித்து மேலே வந்த தமிழ்ப் பிள்ளைகள் உண்டு. யாழ்ப்பாணத்தார் அதைப் பேசுவது குறைவு. வேறு வேறு களத்தில் எடுத்த எண்களை ஒரே கோலால் அளப்பதும் அநியாயம் ஆகலாம்; களத்தைப் பிரித்து அளப்பதும் அநியாயம் ஆகலாம். கோட்டைப் போட்ட கை போடும்போது யாரைப் பார்த்தது என்று கேட்டுத்தான் தீர்ப்புச் சொல்லலாம். ஹொக்கி லீக் யாரையும் நசுக்க நினைத்துக் கோடு போடவில்லை. அது நன்றாகவே தெரியும் எனக்கு. ஆனால் கையைத் தேடுகிற பழக்கத்தை நான் ஊரிலிருந்துதான் கொண்டுவந்தேன்.

இனி ரொறன்ரோவின் கதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கையை மட்டுமே தேடுவதும் ஒரு ஏமாற்று. 2013-14 பருவத்திலிருந்து பிளேஓஃபின் முதல் சுற்றில், பிரிவில் இரண்டாவதாக வந்தவர் அதே பிரிவின் மூன்றாவதோடு மோத வேண்டும். 2018-இல் லீஃப்ஸ் 105 புள்ளி எடுத்து அற்லான்ரிக் பிரிவில் மூன்றாவது. 112 எடுத்த பொஸ்ரனோடு முதல் சுற்றிலேயே மோதி ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. அடுத்த வருடமும் அதே பொஸ்ரன், அதே ஏழாவது ஆட்டம். அந்த வருடம் பிரிவின் உச்சியில் 128 புள்ளியோடு ராம்பா. எங்கள் கோயில் மண்டபத்தில், தோசைக் கடையில், எங்கே போனாலும் ஒரே பேச்சு: பிழை அணியில் இல்லை, பிரிவில். வேறு பிரிவில் இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்போம்.

2021-இல் அந்த வரம் கிடைத்தது. பொஸ்ரனும் இல்லை, ராம்பாவும் இல்லை. லீஃப்ஸ் 77 புள்ளியோடு வடக்கில் முதலிடம். முதல் சுற்றில் 59 புள்ளி மொன்றியல். முதல் ஆட்டத்திலேயே லீஃப்ஸின் தலைவர் ரவாரஸ் கீழே விழுந்தபோது மொன்றியலின் கொறி பெரியின் முழங்கால் தலையில் பட்டு, தூக்குப் படுக்கையில் கொண்டுபோனார்கள். அந்தக் காட்சியைப் பார்த்த என் பேத்தி அன்று சாப்பிடவில்லை. அதற்குப் பிறகும் லீஃப்ஸ் 3-1 என்று முன்னணியில் நின்றது. ஒரே ஒரு ஆட்டம் வென்றால் போதும். மூன்றையும் தோற்றது. மே 31-இல் ஏழாவது ஆட்டம் 3-1 என்று மொன்றியலுக்குப் போனது.

தத்துவ அறிஞர் தோமஸ் நேகல் 1970களில் எழுதிய கட்டுரை ஒன்றில், நம் நன்மை தீமையே எவ்வளவு தூரம் சூழ்நிலையில் தங்கியிருக்கிறது என்று கேட்கிறார். நாற்சிகளின் முகாமில் அதிகாரியாகிக் கொடுமை செய்த ஒருவன், அவர்கள் பதவிக்கு வராதிருந்தால் அமைதியான வாழ்க்கை வாழ்ந்திருக்கலாம். வியாபார விஷயமாக ஆர்ஜென்ரீனாவுக்குப் போய் அங்கே அமைதியாக வாழ்ந்தவன், ஜெர்மனியிலேயே இருந்திருந்தால் அந்த அதிகாரியாகியிருக்கலாம். நமக்கு வைக்கப்படுகிற சோதனையை நாம் தெரிவதில்லை. பயங்கரமான எண்ணம் அது, உண்மையும்கூட. ஆனால் அந்த வாதத்தை ஒரேயடியாகப் பின்பற்றினால் கடைசியில் செய்தவன் என்று ஒருவனே மிஞ்ச மாட்டான். நேகலும் அந்த விளிம்பைக் கண்டு திகைத்துத்தான் நிற்கிறார். லீஃப்ஸுக்கு வேண்டிய பிரிவு வந்தது, அட்டவணை சாய்ந்து கொடுத்தது, மூன்று சந்தர்ப்பம் வந்தது. அங்கே தோற்றது லீஃப்ஸ்தான். அந்தத் தோல்வியை எந்த அட்டவணையின் பெயரிலும் எழுத முடியாது. வள்ளுவர் ஊழுக்கு ஒரு அதிகாரமும் ஆள்வினைக்கு ஒரு அதிகாரமும் தனித்தனியாக வைத்தார். இரண்டையும் கலந்து சமரசமான ஒரே அதிகாரமாக எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஊழின் வலிமையை அவ்வளவு அழுத்தமாகச் சொன்னவர், முயற்சியைப் பற்றிப் பேசும் இடத்தில் அதைப் பொருட்படுத்தாமல் பேசுகிறார். முரண் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வெளியே நின்று பார்ப்பவன் ஒன்றைப் படிக்க வேண்டும், களத்தில் இறங்குபவன் மற்றதைப் படிக்க வேண்டும். இடம் மாறிப் படித்தால்தான் ஆபத்து. களத்தில் நிற்பவன் ஊழைப் படித்தால் கை தளர்ந்துவிடும். பார்த்துக்கொண்டிருப்பவன் ஆள்வினையைப் படித்தால், தோற்றவனைப் பார்த்து “உழைத்திருக்க வேண்டியதுதானே” என்பான்.

மொன்றியல் அந்த வருடம் மேலே போய்க்கொண்டே இருந்தது. வினிபெக்கை நாலே ஆட்டத்தில். பிறகு எல்லையைத் தாண்டி ஆட அரசாங்கம் விலக்குக் கொடுத்து, 82 புள்ளி எடுத்த வேகஸை ஆறு ஆட்டத்தில். அந்த ஆறாவது ஆட்டம் ஜூன் 24, கியூபெக்காரரின் புனித யோவான் திருநாள் அன்று. மேலதிக நேரத்தில் மொன்றியலின் லெக்கொனன் அடித்த கோல். வடக்குப் பிரிவு மெலிந்தது, அதனால்தான் 59 உள்ளே வந்தது என்றவர்கள் அன்றைக்குப் பேச்சை நிறுத்தினார்கள். இறுதியில் ராம்பா ஐந்து ஆட்டத்தில் வென்று கிண்ணத்தைக் கொண்டுபோனது. மொன்றியலுக்கு அந்த இடத்துக்குத் தகுதி இருந்ததா என்று கேட்டால், இருந்தது என்பேன். முன்னால் கொண்டுவந்து நிறுத்தியவர்களை வென்றார்கள். றேஞ்சர்ஸுக்குத் தகுதி இல்லாமல் போயிற்றா என்று கேட்டால், அப்படிச் சொல்ல எவருக்கும் ஆதாரம் இல்லை என்பேன். இந்த இரண்டு பதிலையும் ஒன்றாகச் சுமப்பது சிரமம். ஒன்றைக் கீழே போட்டால் பாரம் குறையும், உண்மையும் குறையும்.

அடுத்த பருவம் எல்லை திறந்தது, 82 ஆட்டம் திரும்பியது, எல்லாரும் எல்லாரோடும் ஆடினார்கள். றேஞ்சர்ஸ் 110 புள்ளி. மொன்றியல் 55 புள்ளியோடு லீக்கிலேயே கடைசி. பார்த்தீர்களா ரீச்சர், கணக்குத் தீர்ந்துவிட்டது என்று நீலச் சட்டைப் பையன் சந்தோசமாக வந்து சொன்னான். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மொன்றியலின் கோல்காப்பாளர் கெறி பிறைஸ் அந்தப் பருவம் ஐந்து ஆட்டம்தான் ஆடினார். தலைவர் வெபர் ஒன்றுகூட ஆடவில்லை. 2021 மே மாதம், 60 புள்ளி அணியைக் கட்டிய மேலாளர் ஜெஃப் கோர்ட்டனை றேஞ்சர்ஸ் வேலையால் நிறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில், இறுதித் தொடர் வரை போன அணியைக் கட்டிய மார்க் பேர்ஜெவனை மொன்றியல் நிறுத்தியது. அணியைத் திரும்பக் கட்ட மொன்றியல் அன்றே அழைத்துவந்தவர் கோர்ட்டன். கோர்ட்டன் கட்டிவிட்டுப் போன ஆட்களை வைத்துக்கொண்டு நியூயோர்க் அந்த வருடம் கிழக்கின் இறுதிவரை போனது.